பதினோராயிரம் சொந்தக்காரர்கள்

மார்ச் 4, செவ்வாய்

இன்று காலை இவர், என் வீட்டுக்காரர், எங்கள் கம்பெனிக்கு வந்து துப்பிவிட்டுப் போனார். சண்டை எதுவும் இல்லை. அரசாங்க ஊழியர்களைப் போலவே, அந்தக் கட்டடங்களுக்குள் வேலைக்குப் போகிற வெளியாட்களும் இனிமேல் எங்கள் குப்பியில் எச்சில் கொடுக்க வேண்டும். அதிலிருந்து மரபணுவைப் படித்து, ஆள் யார், யாருக்குச் சொந்தம், நம்பி உள்ளே விடலாமா என்று எங்கள் கம்ப்யூட்டர் சான்றிதழ் தரும். இவர் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் பாதி அலுவலகங்கள் இவரை நம்பித்தான் மேலே போய்க் கீழே வருகின்றன. ஆகவே வரிசையில் நின்றார். ராத்திரிச் சாப்பாட்டில் கேட்டேன்:

"அரை மணி நேரம் முன்னாடி எதுவும் சாப்பிடக் கூடாதுன்னு போட்டிருந்துதே, படிச்சீங்களா?"

"எங்க சாப்பிட்டேன்? ஒரு டீ, ரெண்டு பன். அவ்வளவுதான்."

இவருக்குப் பன் என்பது தண்ணீர் மாதிரி. உணவுக் கணக்கில் வராது.

எங்கள் மகளுக்கு வயது பதினைந்து, வாய்க்கு மட்டும் நாற்பது. "அப்பா, உங்களுக்கு ரெண்டு தலைமுறையா பேக்கரி பரம்பரைன்னு சர்ட்டிபிகேட் வரப்போகுது" என்றாள். சிரித்துக்கொண்டே சாப்பிட்டோம்.

ஆபீசில் டைரக்டர் கூட்டம். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் தொலைநோக்கு. அந்தச் சொல் இல்லாமல் அவருக்கு ஒரு வாக்கியம் முடியாது. இன்று ஒரு மணி நேரத்தில் முப்பத்தொரு தடவை. எண்ணினேன். மற்றவர்கள் எழுதும் புரோகிராமில் தப்புக் கண்டுபிடிப்பதுதான் எட்டு வருடமாக என் வேலை. பழக்க தோஷத்தில் எதையாவது எண்ணிக்கொண்டுதான் இருப்பேன்.

மார்ச் 11

'அவசர ரகசியக் கூட்டம்' என்று எல்லாருக்கும் மெயில் வந்தது. வாட்ச்மேனுக்கும் வந்ததாம்.

கூட்டத்தை நடத்தியவர் பாதுகாப்பு அதிகாரி. கதவு இடுக்கெல்லாம் மூக்கை வைப்பவர் என்பதால் எங்களுக்கு அவர் மோப்பம். சுவர் முழுக்க ஒரு வரைபடம், அதில் நூறு ஊசி, ஊசிக்கு ஊசி சிவப்பு நூல். அந்த நூல் எங்கே கிடைத்தது என்று பிறகுதான் புரிந்தது. வரவேற்பறைச் சோபா உறையில் ஒரு பக்கம் பிரிந்து தொங்குகிறது.

"பதினோராயிரத்து நானூத்திப் பன்னெண்டு பேர்" என்றார், குரலைத் தாழ்த்தி. "எல்லாரும் ஒரே குடும்பம். ஒருத்தரையொருத்தர் தெரியாதுன்னு சாதிக்கிறாங்க. ஆஸ்பத்திரில இருக்காங்க, பள்ளிக்கூடத்துல இருக்காங்க, தண்ணி டேங்க் பக்கத்துல இருக்காங்க. யாரோ நாப்பது வருஷமா உக்காந்து திட்டம் போட்டு, தன் ரத்தத்தை எல்லா ஆபீஸ்லயும் நட்டு வச்சிருக்கான்."

"போட்டோவைப் பாத்தா ஒருத்தர் ஜாடைகூட இன்னொருத்தருக்கு இல்லையே சார்?" என்று கேட்டேன்.

"அதான் மேடம் பயமே. அவ்வளவு சாமர்த்தியமா மறைச்சிருக்காங்க."

ஜாடை இருந்திருந்தால் அதுவும் சாட்சி, இல்லாததும் சாட்சி. இந்த மனிதரிடம் மாட்டினால் தப்பிக்க வழியே கிடையாது. தொலைநோக்கு எழுந்து நின்று கைதட்டினார். நானும் தட்டினேன், மாதச் சம்பளக்காரி.

மார்ச் 12

மகளிடம் கூட்டத்தைப் பற்றிச் சொன்னேன். "நாப்பது வருஷமா ஒரு குடும்பம் சண்டை போடாம ஒத்துமையா திட்டம் போட்டுச்சா? பொய்" என்றாள். அவள் பாதுகாப்பு அதிகாரியாகியிருக்கலாம்.

மார்ச் 14, வெள்ளி

எழுதக் கை வரவில்லை. ஆனால் எழுதாமல் இருந்தால் தலை வெடித்துவிடும்.

காலையில் சும்மா, வழக்கமான பரிசோதனைக்காக, அந்தக் 'குடும்ப'த்தில் இருபது பேரை எடுத்தேன். இருபது பேரின் பதிவிலும் ஒரே குறிப்பு: 'மாதிரி பழுது.' குப்பிகளைச் சரிபார்க்கிற குப்பி அக்காவிடம் போய்க் கேட்டேன்.

"சாப்பிட்டுட்டு வந்து துப்புறாங்கம்மா. இருபதுல ஒண்ணு வீணாப்போகுது. ஒருத்தர் குப்பில முட்டையே மிதந்துச்சு. நான் எழுதித்தான் வைக்கிறேன். மாடியில யாரு படிக்கிறீங்க?"

யாரும் படிப்பதில்லை. நான் உட்பட.

குப்பி பழுதானால் மரபணுவில் பல இடங்கள் படிக்க முடியாமல் காலியாக இருக்க வேண்டும். ஆனால் அந்த இருபது பேருக்கும் ஒரு காலிகூட இல்லை. எல்லாம் நிரம்பியிருந்தது. எதை வைத்து நிரப்பினார்கள்? பழைய புரோகிராமைத் திறந்து வரி வரியாக இறங்கினேன். மத்தியானம் பன்னிரண்டரைக்கு அந்த வரி கிடைத்தது.

காலியாக இருந்தால், வரிசை எண் ஒன்றிலிருந்து எடுத்து நிரப்பு.

பக்கத்திலேயே குறிப்பு: 'விருந்தினர் வருகைக்காக மட்டும். நாளை நீக்கிவிட வேண்டும்.' தேதி, எட்டு வருடத்துக்கு முன். எழுதியவர் பெயர் — என் பெயர்.

ஞாபகம் வந்துவிட்டது. கம்பெனி தொடங்கிய இரண்டாவது வாரம். அப்போது புரோகிராம் எழுதுவதும் நான்தான். பணம் போடுகிறவர்கள் பார்க்க வருகிறார்கள். திரையில் அங்கங்கே காலி. தொலைநோக்கு என் நாற்காலிக்குப் பின்னால் நின்று, "காலியா ஒண்ணும் தெரியக் கூடாது, எதையாவது போட்டு ரொப்புங்க" என்றார். அப்போது எங்களிடம் இருந்த முழு மாதிரி ஒன்றே ஒன்று. இயந்திரம் ஓடுகிறதா என்று பார்க்க முதல் நாள் நான் துப்பியது. ரொப்பினேன். அவர்கள் வந்தார்கள், அசந்தார்கள், போனார்கள். மறுநாள் எனக்குக் காய்ச்சல். அதற்கடுத்த நாள் வேறு அவசரம்.

ஆக எட்டு வருடமாக, யார் சாப்பிட்டுவிட்டு வந்து துப்பினாலும் அவருக்குக் குறைந்த இடத்தில் எல்லாம் நான் போய் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு வாய் டீ குடித்தவர் எனக்குத் தூரத்துச் சொந்தம். தின்ற பன் செரிக்காமல் வந்தவர் உடன்பிறந்தவர். பதினோராயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு பேரின் சதிகாரத் தலைவன் நான்தான்.

ஊரார் தப்பையெல்லாம் பூதக்கண்ணாடி வைத்துத் தேடிச் சம்பளம் வாங்கினேனே. அந்த வரியை இப்போதே அழித்தால்? அத்தனை பேரும் ஒரே நொடியில் குடும்பத்திலிருந்து காணாமல் போவார்கள். யார் அழித்தது என்று மோப்பம் சாயங்காலத்துக்குள் வந்து நிற்பார். திங்கட்கிழமை டைரக்டரிடம் நேரே சொல்லிவிடுவது. அதுதான் சரி.

மார்ச் 17, திங்கள்

சொல்லப் போனேன்.

அறைக்குள் அரசாங்க ஆட்கள் நாலு பேர். சதியைக் கண்டுபிடித்ததற்காக ஒப்பந்தத்தை இரண்டு மடங்காக்கிவிட்டார்களாம். தொலைநோக்கு என்னைக் கண்டதும், "வாங்க வாங்க! நம்ம துல்லியத்துக்கு இவங்கதான் காரணம்" என்றார். நாலு பேரும் திரும்பிப் பார்த்துப் புன்னகைத்தார்கள்.

"என்னம்மா, ஏதோ சொல்ல வந்தீங்களே?"

"ஏசி ரொம்பக் குளிருது சார். அதைச் சொல்லத்தான்."

வெளியே வந்து பாத்ரூமில் முகம் கழுவினேன். நீயெல்லாம் ஒரு மனுஷியா?

மத்தியானம், குடும்பத்தில் 'மிக நெருங்கிய உறவு' என்று வந்த முந்நூற்று நாற்பது பேரை வேலையிலிருந்து நீக்கிவிட்டதாகத் திரையில் பட்டியல் ஓடியது. நர்ஸ், தபால்காரர், பள்ளிப் பேருந்து ஓட்டுநர், இன்னொரு நர்ஸ். முழுதும் பார்க்கவில்லை. நாளைக்குச் சொல்லிவிடலாம்.

மார்ச் 18

சொல்லவில்லை.

மார்ச் 19

சொல்லவில்லை. ஏசியைக் குறைத்துவிட்டார்கள்.

மார்ச் 20

இவருக்குக் கடிதம் வந்தது.

இந்தக் கடிதங்களை மனிதர் யாரும் எழுதுவதில்லை. கம்ப்யூட்டர் எழுதி, கம்ப்யூட்டரே கையெழுத்துப் போட்டு, தபாலிலும் அதுவே சேர்த்துவிடும். ஊழியர்கள் பட்டியல் மட்டும் தனி. அதைத் தேட மோப்பத்துக்கு அனுமதியில்லை. கல்யாணமானவர்களை ஒப்பிட்டுப் பார்க்கும் கம்ப்யூட்டருக்கு அந்தத் தடை கிடையாது. ஆகவே எழுதிவிட்டது: 'தாங்களும் தங்கள் மனைவியும் உடன்பிறந்தவர்கள் என உறுதியாகியுள்ளது. தங்கள் நுழைவுச் சீட்டு ரத்து. திருமணம் செல்லாது என அறிவிக்க விசாரணை. முடிவு வரும்வரை இருவரும் ஒரே வீட்டில் வசிக்கக் கூடாது.'

படித்து முடித்ததும் இவருக்கு முகத்தில் ஈயாடவில்லை. பிறகு, "பதினேழு வருஷமா நீ என்னை அதட்டுறப்பவே சந்தேகப்பட்டேன்" என்றார். சிரிக்க முயன்றார். சரியாக வரவில்லை.

மகள் கடிதத்தைப் பிடுங்கினாள். "அம்மாவோட அண்ணன்னா எனக்கு மாமா. அப்போ இனிமே அப்பாவை மாமான்னு கூப்பிடணுமா?"

இரண்டு தெரு தள்ளி இருக்கும் என் மாமியார் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தார். கடிதத்தை மகளைப் படிக்கச் சொல்லி இரண்டு முறை கேட்டார். எனக்கு ஆறுதல் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

"என்னடி எழுதியிருக்கான் இவன்? உங்கப்பாவையும் என்னையும் சேத்து வச்சுப் பேசுறானா? அந்த மனுஷனை நான் முதல்முதல்ல பாத்ததே உங்க கல்யாணத்தன்னிக்குத்தான். பாத்ததுமே பிடிக்கல!"

"அத்தை, எங்கப்பா—"

"நீ பேசாத. உங்கப்பா குறட்டை விட்ட குறட்டைக்கு, அந்த ஆளோடயா? ஆபீசருக்கு என் கையால ஒரு கடுதாசி எழுதுறேன். எழுதித் தாடி, கையெழுத்து நான் போடுறேன்."

இப்போது யோசித்தால் சிரிப்பாக இருக்கிறது. அங்கே நின்றபோது இல்லை. இவருக்கு வந்த கடிதத்தை உண்மையில் எழுதியது என்னுடைய அந்த வரிதான். எனக்கு மட்டும்தான் தெரியும். இவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல வாய் வரவில்லை.

மார்ச் 22

இவர் துணியைப் பையில் போட்டுக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போனார். வாசலில் நின்று, "வரேன் தங்கச்சி" என்றார். அடிக்க ஓங்கினேன். கை இறங்கவேயில்லை, அப்படியே அழுகை வந்துவிட்டது. அவர் பையைக் கீழே வைத்துவிட்டு வந்து என் தலையைத் தொட்டார். எதிர்வீட்டு ஜன்னல் திறந்ததும் கையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மார்ச் 27

ஒரு குறுக்கு வழி தோன்றியிருக்கிறது. எழுதவே வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் செய்யப்போகிறேன்.

மார்ச் 29

காலை ஆறரைக்கு மாமியார் வீட்டு வாசலுக்குப் போனேன், கையில் ஒரு குப்பியோடு. இவர்தான் கதவைத் திறந்தார்.

"எதுவும் சாப்பிடலியே?"

"எழுந்ததே இப்பத்தான். எதுக்கு?"

"கேள்வி கேக்காம துப்புங்க."

ஆபீசில் குப்பி அக்கா ஒரு வார்த்தை கேட்காமல் இயந்திரத்தில் வைத்தார். முழு மாதிரி. ஒரு காலிகூட இல்லை. எனக்கும் இவருக்கும் எட்டாத தூரத்தில்கூட உறவில்லை. அதைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்பட்ட மனைவி உலகத்தில் நான் ஒருத்திதான். பழைய பதிவை எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டேன். கம்ப்யூட்டருக்கு வெட்கம் கிடையாது, மன்னிப்புக் கேட்கும் வழக்கமும் கிடையாது. புதுக் கடிதம் எழுதிவிட்டது.

ஏப்ரல் 3

வந்துவிட்டார்! சீட்டு திரும்பக் கிடைத்துவிட்டது, கல்யாணமும் செல்லும். மகள் வாசலில் நின்று, "மாமா, உள்ள வராதீங்க, எங்க அப்பாதான் வரலாம்" என்றாள். மாமியார்கூடச் சிரித்தார். நன்றாகத் தூங்குவேன் இன்று.

ஏப்ரல் 4

போய்விட்டார்.

நான்தான் சொன்னேன். காலையில் நல்ல மனநிலையில் இருந்தார், நானும் இருந்தேன். ஒரு வேடிக்கைக் கதை மாதிரி ஆரம்பித்து, அந்த வரி, அந்தக் காய்ச்சல், குப்பி, எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு நிறுத்தினார்.

"மத்தவங்க?"

"எந்த மத்தவங்க?"

"பதினோராயிரம் பேர்ல நான் ஒருத்தன். மிச்சம் பேர்?"

மென்று முழுங்கினேன். டைரக்டர், அரசாங்கம், என் வேலை, மகளின் படிப்பு என்று என்னென்னவோ சொன்னேன். இவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் பதிலுக்கு நானும் கத்தியிருப்பேன், சரியாகப் போயிருக்கும்.

"நடு மாடியில ஒரு லிஃப்ட் நின்னுபோச்சுன்னு வை. உள்ள பத்து பேர். நான் போய்க் கதவைத் தொறந்து, என் பொண்டாட்டியை மட்டும் வெளிய இழுத்துட்டு, கதவை மூடிட்டு வந்தா நீ என்னை என்னன்னு சொல்லுவே?"

இன்னொரு இட்லி வைக்கப் போனேன். தட்டைத் தள்ளி வைத்தார்.

"சட்டப்படி இப்ப நான் உன் புருஷன்தான். ஆனா இங்க உக்காந்து சாப்பிடக் கூச்சமா இருக்கு. நீ போய்ச் சொல்லிட்டு வா. நான் அம்மா வீட்லதான் இருப்பேன்."

அந்தப் பையை இன்னும் பிரித்துக்கூட வைக்கவில்லை. அப்படியே எடுத்துக்கொண்டு போனார். போன தடவை கம்ப்யூட்டர் பிரித்தது. இந்தத் தடவை நானே.

ஏப்ரல் 7, திங்கள்

சொல்லிவிட்டேன். தேதியோடு எழுதி வைக்கிறேன்: இன்று காலை பத்தே காலுக்கு, டைரக்டர் அறையில், கதவைச் சாத்திவிட்டு, ஒன்று விடாமல்.

தொலைநோக்கு கொஞ்ச நேரம் மேஜையில் இருந்த உலக உருண்டையைச் சுற்றினார்.

"இது யாருக்கெல்லாம் தெரியும்?"

"எனக்கு. என் வீட்டுக்காரருக்கு. இப்ப உங்களுக்கு."

"எனக்குத் தெரியாது."

"இப்பத்தானே சார் சொன்னேன்?"

"சொன்னீங்க. நான் கேக்கல."

"முந்நூத்தி நாப்பது பேருக்கு வேலை போச்சு சார். எத்தனையோ தம்பதிகளைப் பிரிச்சு வச்சிருக்கு."

"நீங்க ரொம்பக் களைச்சுப்போயிருக்கீங்க. உங்களுக்கு நான் ஒண்ணும் செய்யாம விட்டுட்டேன்."

ஏப்ரல் 8

செய்துவிட்டார். இன்றிலிருந்து நான் 'முதன்மை நேர்மை அதிகாரி'. ஜன்னல் வைத்த அறை, சுழல் நாற்காலி, பூந்தொட்டி. புரோகிராமைத் திறக்கும் கடவுச்சொல்லை மட்டும் எடுத்துவிட்டார்கள். இனி அந்த வரியை நான் நினைத்தாலும் தொட முடியாது. பூவைத் தொட்டுப் பார்த்தேன். பிளாஸ்டிக்.

ஏப்ரல் 10

இன்று ஆபீசில் ஒரே களேபரம். ஒப்பந்தம் தந்த துறையின் தலைவரே எடுத்துக்காட்டாகத் துப்பியிருக்கிறார். முழுச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு. முடிவு: குடும்பத்தில் மிக மிக நெருங்கிய உறவு. எனக்கு இன்னொரு அண்ணன்.

மோப்பம் பேயறைந்த மாதிரி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பெரிய ஊசியாக ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, வரைபடத்தில் அதை எங்கே குத்துவது என்று தெரியாமல். தொலைநோக்கு பத்து நிமிடம் கதவைச் சாத்தி யோசித்தார். மத்தியானத்துக்குள் குடும்பம் இரண்டாகிவிட்டது. குறிப்பிட்ட பதவிக்கு மேலே இருப்பவர்கள் 'அரிய தலைமை மரபு'. அவர்களுக்குப் பாராட்டு விழா. கீழே இருப்பவர்கள் பழையபடி சதிகாரர்கள்.

ஒரே எச்சில். பதவியைப் பார்த்துப் பெயர் மாறுகிறது.

வேலை போன நர்ஸ் எந்தப் பக்கம் என்று கேட்டேன். "அவங்க மாதிரி சுத்தமா கழுவி வந்துருக்கும் மேடம், இது வேற ரகம்" என்றார் மோப்பம். அதற்கு என்ன அர்த்தம் என்று அவருக்கும் தெரியாது.

ஏப்ரல் 13

மகள் இன்று மாமியார் வீட்டிலிருந்து வந்தாள். "அப்பா தினமும் உன்னைப் பத்தி ஒரே ஒரு கேள்விதான் கேக்குறாரு. சொல்லிட்டாளான்னு" என்றாள்.

சொல்லிவிட்டேன் என்று சொல்லச் சொன்னேன். "ஒருத்தர்கிட்ட, கதவைச் சாத்திட்டுச் சொன்னா சொன்னதாம்மா?" என்று கேட்டாள். இவளுக்கு யார் இதெல்லாம் கற்றுக்கொடுக்கிறார்கள்?

ஏப்ரல் 16, புதன்

வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

பாராட்டு விழா. பெரிய மண்டபம், எழுநூறு பேர், கேமராக்கள். பத்து நிமிடத்தில் முடிவு சொல்லும் சின்ன இயந்திரத்தை மேடைக்கே கொண்டுவந்து வைத்திருந்தார்கள். துறைத் தலைவர் விழாவிலேயே துப்ப வேண்டும், பின்னால் இருக்கும் பெரிய திரையில் 'அரிய மரபு' என்று வர வேண்டும். குப்பியை வாங்கி இயந்திரத்தில் வைக்கும் பெருமை முதன்மை நேர்மை அதிகாரிக்கு.

தலைவர் மேடைத் திரைச்சீலைக்குப் பின்னால் போய்த் துப்பிக் குப்பியைக் கொடுத்தார். மேடையில் என் மேஜைமேல், குடிக்காமல் ஆறிப்போன டீ ஒரு கப் இருந்தது. இதை முன்கூட்டி யோசித்து வைத்தேன் என்று எழுதினால் பொய். அந்த டீயைப் பார்த்த பிறகுதான் தோன்றியது. இன்னொரு குப்பியை எடுத்து, அதில் டீயை ஊற்றி, எல்லாரும் பார்க்க உயர்த்திக் காட்டிவிட்டு இயந்திரத்தில் வைத்தேன். முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள், ஏதோ விளையாட்டு என்று.

அந்தப் பத்து நிமிடத்துக்குள் மூன்று பேர் தொலைநோக்குப் பார்வையைப் பற்றிப் பேசினார்கள். பிறகு திரை ஒளிர்ந்தது.

'பாலினம்: பெண். குடும்ப உறவு: நூறு விழுக்காடு. அரிய மரபின் ஆணிவேர்.'

மண்டபமே எழுந்து நின்று கைதட்டியது. துறைத் தலைவர் 'பெண்' என்பதைப் பார்த்துவிட்டுத் தட்டலாமா என்று யோசித்து, மற்றவர்கள் தட்டுவதைப் பார்த்துத் தட்டினார். நான் மைக்கைப் பிடித்தேன்.

"இது டீ" என்றேன். "எச்சில் இல்ல. டீ. இதுல யாருமே இல்ல. யாரும் இல்லாத இடத்துல எல்லாம் இந்தக் கம்ப்யூட்டர் என்னைப் போட்டு நிரப்பும். அப்படி நிரப்பச் சொல்லி எழுதினது நான்தான். சதியும் இல்ல, மரபும் இல்ல. சாப்பிட்டுட்டு வந்து துப்பினவங்க, அவ்வளவுதான். அவங்களை வேலையை விட்டுத் துரத்தியிருக்கோம். புருஷன் பொண்டாட்டியைப் பிரிச்சு வச்சிருக்கோம். எனக்குத் தெரிஞ்சும் வாயை மூடிட்டு இருந்தேன். மன்னிச்சிடுங்க."

கைதட்டல் உடனே நிற்கவில்லை. பின்வரிசைகளில் இன்னும் கொஞ்ச நேரம் தட்டிக்கொண்டேதான் இருந்தார்கள். பிறகு கேமராக்காரர்கள் ஓடி வந்தார்கள். மோப்பம் மேடையேறிப் பாய்ந்து, என்னை விட்டுவிட்டு அந்த டீ கப்பைக் கைப்பற்றிப் பாலிதீன் உறையில் போட்டு முத்திரை வைத்தார். "இந்த டீயைப் போட்டது யாரு? பேரு, அட்ரஸ்?" பாவம், கேன்டீன்காரரை இரண்டு மணி நேரம் உட்கார வைத்து விசாரித்தார்களாம். அவரும் சாப்பிட்டுவிட்டுத்தான் துப்பியிருக்கிறார். ஆகவே சந்தேகம் வலுத்ததாம்.

ஏப்ரல் 17

வேலை நீக்க உத்தரவு. காரணம்: 'நேர்மைக் குறைவு.'

ஏப்ரல் 18

காலை ஏழு மணிக்குக் கதவைத் தட்டினார். தோளில் பை. வழி விட்டேன். நேரே போய்ப் பையைப் பிரித்துச் சட்டைகளை அலமாரியில் அடுக்கினார். எல்லாவற்றையும், கடைசிச் சட்டைவரை. நான் சுவரில் சாய்ந்து நின்று அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

மே 2

எல்லாரையும் குடும்பத்திலிருந்து விடுவித்துக் கடிதம் போய்விட்டது. பிரித்து வைக்கப்பட்ட அறுபத்து மூன்று தம்பதிகளுக்கும் 'மீண்டும் சேர்ந்து வாழலாம்' என்று அனுமதி. குப்பி அக்கா போனில் சொன்னார்: ஒரே ஒரு கணவர் மட்டும், பழைய முடிவே சரியாக இருக்கக்கூடும், தயவுசெய்து மறுபரிசீலனை செய்யவும் என்று எழுதியிருக்கிறாராம்.

தொலைநோக்கு புதுக் கம்பெனி தொடங்கிவிட்டார். இனி எச்சில் இல்லை. வியர்வை. மோப்பமும் கூடவே போயிருக்கிறார்.

மே 12

பழைய கம்பெனியின் விளக்க அறிக்கை பேப்பரில் வந்திருக்கிறது. நாலு தடவை படித்தேன். 'ஏப்ரல் 16 வரை இந்தப் பிழை நிறுவனத்தில் எவருக்கும் தெரியாது. அதற்கு முன் எடுத்த நடவடிக்கைகள் அனைத்தும் நல்லெண்ணத்தில் எடுக்கப்பட்டவை. எனவே அவை செல்லும்.' அதாவது அந்த முந்நூற்று நாற்பது பேரும் சதிகாரர்கள் இல்லை, ஆனால் வேலையும் இல்லை. அந்த இடங்களில் வேறு ஆட்களைப் போட்டாகிவிட்டதாம்.

மே 15

வாசலில் ஒரு பெண். ஐம்பது வயதிருக்கும். பள்ளிப் பேருந்து ஓட்டிக்கொண்டிருந்தவர். பத்தொன்பது வருடம், ஒரு கீறல்கூட இல்லாமல். மார்ச் 17 அன்று நடுவழியில் பேருந்தை நிறுத்தச் சொல்லி, பிள்ளைகள் பார்க்க இறக்கிவிட்டார்களாம். திட்டத்தான் வந்திருக்கிறார் என்று தலையைக் குனிந்து நின்றேன். அவர் திட்டவில்லை. தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

"ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போறேன். உங்களுக்கு எப்ப தெரியும்?"

"முன்னாடியே."

"முன்னாடின்னா?"

"மார்ச் பதினாலு."

கொஞ்ச நேரம் அவர் தன் விரல்களையே மடக்கி மடக்கிப் பார்த்தார். "மூணு நாள்" என்றார். பிறகு, "அதை எழுதிக் குடுப்பீங்களா?"

கொடுக்கிறேன் என்றேன்.

மே 17

வேலை போனவர்களுடைய வக்கீல் போன் செய்தார். இப்போது உட்கார்ந்து எழுதிக் கொடுத்தால் செல்லாது, வேலை போன ஆத்திரத்தில் எழுதியது என்று தள்ளிவிடுவார்கள். அன்றைக்கே எழுதிய ஏதாவது இருக்கிறதா? ஒரு மெயில், ஒரு துண்டுக் காகிதம்?

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன்.

"இருந்தா சொல்லுங்க. ஆனா யோசிச்சுச் சொல்லுங்க" என்றார். "அன்னிக்கு நீங்க கம்பெனி ஆள், அதனால கம்பெனிக்குத் தெரியும்னு அது நிரூபிக்கும். உங்களுக்குத் தெரிஞ்சும் சொல்லலைன்னும் நிரூபிக்கும். உங்க மேலயும் வழக்கு வரும்."

மே 19, திங்கள்

இந்த நோட்டைத் தவிர வேறு எதுவும் இல்லை.

நேற்று முழுக்க இவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கொடு என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. எனக்காகவே வாயைக் கட்டிக்கொண்டிருக்கிறார் என்று தெரிகிறது. இன்று காலையில் மட்டும், "அதுல என்னைப் பத்தியெல்லாம் எழுதியிருக்கியா?" என்று கேட்டார். வீட்டை விட்டுப் போனது வரை இருக்கிறது என்றேன். "இருக்கட்டும்" என்றார். அத்தையிடம் மார்ச் 20 பற்றிச் சொல்லி முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டுவிட்டேன். நீதிபதி தன்னைக் கூப்பிட்டுக் கேட்டால் நேரில் வந்தே சொல்வாராம், அந்த மனுஷனைப் பார்த்ததுமே பிடிக்கவில்லை என்று.

பேருந்து ஓட்டுநர் வந்துவிட்டார். முன்னறையில் உட்கார்ந்து மகளோடு பேசிக்கொண்டிருக்கிறார். இவள் எந்தப் பள்ளிக்கூடம், எந்த வழியாகப் போகிறாள் என்று விசாரிக்கிறார். அந்த முக்குத் திருப்பத்தில் இப்போது ஓட்டுகிறவர் வேகத்தைக் குறைக்கிறாரா என்று கேட்கிறார்.

பயமாகத்தான் இருக்கிறது. ரொம்ப.

ஒன்று மட்டும் குறித்துவிடுகிறேன், பிறகு யாரும் கேட்க வேண்டியிராது. மார்ச் 14 பக்கத்தின் மேல் ஓரம் அரை விரல் நீளத்துக்குக் கிழிந்திருக்கும். பழசானதால் கிழிந்தது இல்லை. இன்று காலை ஆறு மணிக்கு, எல்லாரும் எழுந்திருக்கும் முன், நான் கிழிக்கப் பார்த்தது. பக்கம் முழுசாக இருக்கிறது. எல்லாப் பக்கமும் இருக்கிறது, எண்ணிப் பார்த்துவிட்டேன்.

எழுந்து போய்க் கொடுக்கிறேன்.